மேஸ்திரியின் மேடு

முதலைக்காரர்: ...அதெல்லாம் முடியாது. போர்டுல முதல் வரியிலயே முதலை வரணும்.

பறவைக்காரம்மா: அண்ணே, இது பறவைக் கூண்டு வாசல்ல வைக்கிற போர்டு. ‘கூடு எப்படி வந்தது’ன்னு ஜூவுக்கு வர்ற பிள்ளைங்களுக்குப் புரியற மாதிரி எழுதிக் குடுன்னு டைரக்டர் சொல்லியிருக்காரு. லீவு முடிஞ்சு இன்னிக்குத்தான் வந்திருக்கேன். நிம்மதியா சாப்பிட விடுங்க.

முதலைக்காரர்: சாப்பிடு, யாரு வேணாம்னது? சாப்பிட்டுக்கிட்டே கேளு. முட்டையைப் போட்டு, இலை தழையைக் குவிச்சு, மூடி வெச்சது யாரு? எங்க ஆளு.

பறவைக்காரம்மா: உங்க ஆளு மட்டுமா? டைனோசரும்தான். குழி தோண்டும், முட்டை போடும், மண்ணைத் தள்ளி மூடும். அதுக்குப் பேரு கூடு இல்ல... புதைக்கிறது.

முதலைக்காரர்: புதைச்சா சூடு கிடைக்குதில்ல?

பறவைக்காரம்மா: கிடைக்குது. மண்ணுச் சூடு, மக்குற இலைச் சூடு. அப்புறம் வந்த சில டைனோசருங்க முட்டையைப் பாதி வெளியே தெரியற மாதிரி வெச்சு, மேல உட்கார்ந்துச்சுங்க. கையில இருந்த இறகை விரிச்சு மூடிக்கிட்டு. அப்பா டைனோசர்தான் உட்கார்ந்திருக்கும்னுகூட சில பேர் சொல்றாங்க.

முதலைக்காரர்: அப்பாவா... பாவம்.

பறவைக்காரம்மா: என்ன பாவம்? அண்ணிகிட்ட சொல்றேன் இருங்க.

முதலைக்காரர்: அவளை எதுக்கு இழுக்கிறே? நீ மேல சொல்லு.

பறவைக்காரம்மா: உடம்புச் சூடே போதும்னு ஆனப்புறம் மண்ணு எதுக்கு? எங்க வேணா முட்டை வைக்கலாம். தரையில வெச்சா திருட்டுப் பசங்க தொல்லை. மரத்து மேல வெச்சா...

முதலைக்காரர்: உருண்டு விழும்.

பறவைக்காரம்மா: அதேதான். அதனால குச்சி, நார், புல்லுன்னு கொண்டுவந்து பின்னிக்கிச்சுங்க. கிண்ணம் மாதிரி சிலது, கூரை போட்டுச் சிலது.

முதலைக்காரர்: கூரை போட்ட வீடு நல்ல வீடாச்சே. ஏன் பாதிப் பேரு கூரையை விட்டுட்டாங்க?

பறவைக்காரம்மா: கூரை போட நாளாகும். கிண்ணம்னா சட்டுனு முடிஞ்சிடும். கலைஞ்சு போனா வேற கட்டிக்கலாம். அப்படித்தான் இருக்கும்னு நினைக்கிறாங்க. கூட இருந்து பார்த்தவங்க யாரும் இல்ல.

முதலைக்காரர்: சரி. இவ்வளவு கெட்டிக்காரக் கூட்டத்துல உன் கூண்டுச் சேவல், அந்த மேஸ்திரி மட்டும் ஏன் இன்னும் குப்பை கூட்டிக்கிட்டு இருக்கான்? கோழி மாதிரி இருந்துக்கிட்டு இடுப்பு உயரத்துக்கு இலை மேடு. பெட்டை வருது, முட்டையை உள்ளே போடுது, போயிடுது. இவன்தான் நாள் முழுக்கக் காலால கிளறிக்கிட்டு, மூக்கை உள்ளே விட்டுச் சூடு பார்த்துக்கிட்டு...

பறவைக்காரம்மா: அவன் கதை வேற. அவன் முப்பாட்டனுங்க ஒழுங்கா உட்கார்ந்து அடைகாத்தவங்கதான். பாதி வழியில அந்த வேலையை விட்டுட்டுப் பழையபடி மேட்டுக்கே திரும்பிட்டாங்க.

முதலைக்காரர்: பார்த்தியா. எங்க வழிதான் சரின்னு திரும்பி வந்திருக்கான். இதை எழுது போர்டுல.

பறவைக்காரம்மா: எழுதறேன், எழுதறேன். பெரிய எழுத்துல.

முதலைக்காரர்: ம்... மேடு எப்படி இருக்கு?

பறவைக்காரம்மா: எந்த மேடு?

முதலைக்காரர்: எத்தனை மேடு வெச்சிருக்கே? மேஸ்திரி மேடுதான்.

பறவைக்காரம்மா: காலையிலேருந்து இதையே கேட்டுக்கிட்டு இருக்கீங்க.

முதலைக்காரர்: சும்மாதான் கேட்டேன். பொண்ணு எப்படி இருக்கா? பேரன்?

பறவைக்காரம்மா: நல்லா இருக்காங்க. அவனுக்குக் குடிக்கிறதும் தூங்கறதும்தான் வேலை. நான்தான் தூங்கல. போன ரெண்டு வருஷமும் மேடு ஆறிப்போய் முட்டையெல்லாம் வீணாச்சு. இந்தத் தடவையும் பொரிக்கலேன்னா ஜோடியை வேற ஜூவுக்கு அனுப்பிடறேன்னு டைரக்டர் சொல்லிட்டாரு. அதுல மழை வேற...

முதலைக்காரர்: மழைன்னா சூடு கூடத்தான் செய்யும். ஈரத்துல இலை வேகமா மக்குமில்ல. காலையில உச்சியைக் கொஞ்சம் திறந்து விட்டு, வெயில் சாயறப்ப மூடிட்டா சரியாயிடும்.

பறவைக்காரம்மா: காலையில திறந்து, சாயங்காலம் மூடணுமா?

முதலைக்காரர்: என்ன அப்படிப் பாக்கறே?

பறவைக்காரம்மா: உங்க முதலை மேட்டைத் திறந்து திறந்து மூடுமா?

முதலைக்காரர்: அது எங்க மூடுது... காவலுக்குப் படுத்திருக்கும்.

பறவைக்காரம்மா: அப்ப இதெல்லாம் உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?

முதலைக்காரர்: மேஸ்திரி பண்றதைப் பார்த்திருக்கேன்ல.

பறவைக்காரம்மா: ஓ. நான் இல்லாதப்ப நல்லா பார்த்துக்கிட்டானா?

முதலைக்காரர்: நாள் பூரா மேட்டு மேலேயேதான். பொறுப்பான பையன்.

பறவைக்காரம்மா: அண்ணே... இப்பத்தான் டாக்டர் ரூமுக்குப் போயிட்டு வந்தேன். நான் ஊருக்குப் போன மறுநாளே அவன் கால்ல கம்பி கிழிச்சிருக்கு. இன்னிவரைக்கும் கட்டுப் போட்டு அங்கதான் உட்கார்ந்திருக்கான்.

முதலைக்காரர்: அப்படியா...

பறவைக்காரம்மா: மாத்து ஆளு தீனி வைக்கிறதோட சரி. மேட்டைக் கிளறினது யாரு?

முதலைக்காரர்: காத்தா இருக்கும்.

பறவைக்காரம்மா: காத்து ரப்பர் பூட்ஸ் போடுமா? மேட்டைச் சுத்தி உங்க குளத்துச் சேறு.

முதலைக்காரர்: சரி, விடு. உனக்கு போன் பண்ணியிருந்தா பிள்ளை பெத்தவளை விட்டுட்டு ஓடி வந்திருப்பே. அதான் சொல்லல. மேஸ்திரி மாதிரி மூக்கை விட்டுப் பார்க்க எனக்கு வராது. கையை விட்டுப் பார்த்தேன். எத்தனை வருஷமா முதலை மேட்டைப் பாக்கறேன், கைக்குக் கொஞ்சம் தெரியும்.

பறவைக்காரம்மா: உங்களை என்ன பண்றது... நானும் ஒண்ணு மறைச்சேன்ணே.

முதலைக்காரர்: என்னது? மேடு ஆறிடுச்சா?

பறவைக்காரம்மா: காலையில நான் போய் நின்னப்ப இலை அசைஞ்சுது. ஒரு குஞ்சு, தானே முட்டித் தள்ளிக்கிட்டு வெளியே வந்துச்சு. ஒடம்பெல்லாம் குப்பை. என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல, ஓடியே போயிடுச்சு. நீங்களா வாயைத் திறக்கறீங்களான்னு பார்க்கத்தான் இவ்வளவு நேரம் சொல்லாம இருந்தேன். இனிமே ஜோடியை யாரும் அனுப்ப மாட்டாங்க. முதல் குஞ்சுண்ணே.

முதலைக்காரர்: முதல் குஞ்சு இல்லம்மா.

பறவைக்காரம்மா: என்ன சொல்றீங்க?

முதலைக்காரர்: முதல்ல வந்தது நேத்தே வந்திடுச்சு. வேலி இடுக்குல நுழைஞ்சு நேரா என் குளத்தைப் பார்த்து ஓடுது. மேல காக்கா. எனக்கு உயிரே போயிடுச்சு. பிடிச்சு, முதலைக்குட்டி வளர்க்கற தொட்டி ஒண்ணு காலியா இருந்துச்சு, அதுல விட்டு, விளக்கு போட்டு... கொஞ்சம் வைக்கோல், என் பழைய சட்டை... கிண்ணம் மாதிரி சுத்தி ஒரு...

பறவைக்காரம்மா: கூடா? நீங்களா? அண்ணே, அந்தக் குஞ்சுக்குக் கூடே வேணாமே. அம்மா வேணாம், அப்பா வேணாம், வெளியே வந்த அன்னிக்கே தனியாப் பொழைச்சுக்கிற ஜாதி.

முதலைக்காரர்: தெரியும். இப்படிச் சிரிப்பேன்னுதான் சொல்லாம மறைச்சேன். ஆனா வெச்ச உடனே அது உள்ளே ஏறி, ரெண்டு சுத்து சுத்தி, சட்டையைக் காலால சரி பண்ணிட்டு உட்கார்ந்துக்கிச்சும்மா. இப்பவும் அதுலதான் தூங்குது.