பேரிங்கில் குறையில்லை

முதலில் அந்த விபத்து அறிக்கையின் இரண்டாம் பக்கத்தைத் திருத்திவிடுங்கள் இன்ஸ்பெக்டர் சார். மற்றதைப் பிறகு பேசலாம். "தரம் குறைந்த பேரிங் பொருத்தப்பட்டதே என்ஜின் இறுகிப்போகக் காரணம்" என்று உங்கள் நிபுணர் எழுதியிருக்கிறார். நேற்று மதியம் சாப்பிடும்போது என் தங்கை அதை வாசித்துக் காட்டினாள். அந்த வரியை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். பிறகு சாப்பாட்டைப் பாதியிலேயே விட்டு எழுந்துவிட்டேன். அந்த பேரிங்கைத் தேர்ந்தெடுத்தது நான். அதில் ஒரு குறையும் கிடையாது.

உங்கள் நிபுணரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. நல்ல மனுஷன், நல்ல சட்டை. சட்டையில் எண்ணெய் படக் கூடாதென்று உடம்பை வளைத்து நெளித்து அவர் என்ஜினைப் பிரித்த அழகை எங்கள் ஒர்க்‌ஷாப்பில் நின்று நானே பார்த்தேன். பிரித்த துண்டுகளையெல்லாம் ஒரே தட்டில் கொட்டிவிட்டு, சந்தையில் வெண்டைக்காய் பொறுக்குகிற மாதிரி பொறுக்கிக்கொண்டிருந்தார். எந்தத் தகடு மேலே இருந்தது, எது கீழே இருந்தது என்று குறித்துக்கொண்டே பிரிக்க வேண்டும். அவர் குறிக்கவில்லை. குறித்திருந்தால் நான் இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டாம், நீங்களே என்னைத் தேடி வந்திருப்பீர்கள்.

பேரிங் என்றதும் உங்களுக்கு குண்டு உருளும் வளையம்தான் ஞாபகம் வரும். இது அதில்லை. என்ஜினுக்கு முதுகெலும்பு மாதிரி ஒரு தண்டு உண்டு, கிராங்க் என்போம். பந்தய என்ஜினில் நிமிஷத்துக்கு எட்டாயிரம் சுற்று சுற்றும். அது ஐந்து இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு இடத்திலும் அரைவட்டமாக இரண்டு மெல்லிய தகடு, மேலே ஒன்று, கீழே ஒன்று. அந்த ஜோடிதான் பேரிங். தண்டு தகட்டைத் தொடவே கூடாது. நடுவில் தலைமுடிக் கனம்கூட இல்லாத இடைவெளியில் எண்ணெய் நிற்கும், தண்டு அதில் மிதக்கும். மேல்தகட்டில் ஒரு துளை இருக்கும், எண்ணெய் அது வழியாகத்தான் உள்ளே வரும். கீழ்த்தகட்டில் துளை கிடையாது. உங்களுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். உங்கள் நிபுணருக்கும் இவ்வளவு தெரிந்திருந்தால் தேவலை.

ஆட்கள் பேரிங் வாங்குவதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பெட்டியைப் பார்த்து வாங்குவார்கள். பெட்டி கறுப்பாக இருந்து, சிவப்பில் 'ரேஸ்' என்று சாய்த்து எழுதியிருந்தால் முடிந்தது, கும்பிடாத குறைதான். தகட்டின் மேல்பூச்சு மெத்தென்று இருக்கிறதா, ஒரு தூசி வந்து விழுந்தால் உள்ளே அமுக்கிக்கொள்ளுமா, அடியில் இருக்கும் உலோகம் எட்டாயிரம் சுற்றின் அடியைத் தாங்குமா என்று யாருக்குக் கவலை? ரொம்ப மெத்தென்றால் நசுங்கிவிடும். ரொம்பக் கெட்டி என்றால் ஒரு தூசியே தண்டைக் கீறிவிடும். நான் பெட்டியைப் பார்ப்பதே இல்லை. தகட்டைக் கையில் எடுத்து நகத்தை ஓட்டுவேன். முப்பத்தியோரு வருஷமாக அதுதான் என் பழக்கம்.

என் தங்கையின் கணவனுக்குப் பெட்டி மட்டும்தான் தெரியும். ஒர்க்‌ஷாப் என்னுடையது, அவன் கல்யாணத்துக்குப் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவன். நான் கட்டிய என்ஜினை அவன் பந்தயத்தில் ஓட்டினான். பார்க்க வந்தவர்கள் அவனுக்கு மின்னல் என்று பெயர் வைத்துத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினார்கள். வீட்டில் அந்த மின்னலுக்கு ஒரு பாட்டிலை ஒழுங்காக மூடத் தெரியாது, என் தங்கைதான் பின்னாலேயே போய் மூடுவாள். நான் அவனுக்கு ஒர்க்‌ஷாப்பில் ஒரே ஒரு வேலை கொடுத்திருந்தேன். நான் மைக்ரோமீட்டரை வைத்துப் பிடிப்பேன், அவன் அளவை வாசித்துச் சொல்ல வேண்டும். பத்தாவது படித்தவனுக்கு அதற்கு மேல் என்ன கொடுக்க முடியும்?

போன சீசனில் அவன் ஓட்டிய என்ஜின் ஒன்று நடுப் பந்தயத்தில் போனது. நான் போய்ச் சேர்வதற்குள் அவனே பிரித்து, தகடுகளைக் கழுவித் துடைத்தே வைத்துவிட்டான். தண்டு உட்காரும் மூன்றாவது இடம் சூட்டில் நீலம் பாரித்துக் கிடந்தது. அளவுக்கு மீறி என்ஜினை விரட்டியிருக்கிறான், வேறென்ன? சுற்றிலும் இருபது பேர் நின்றார்கள், என்னிடம் என்ஜின் கட்டிக்கொள்பவர்கள்தான் பாதிப் பேர். அத்தனை பேர் முன்னால் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு சொன்னான்.

"மச்சான் என்ன பண்ணுவாரு, பாவம். பேரிங் சரியில்ல. யார் போட்டிருந்தாலும் இதான் ஆயிருக்கும்."

பாவமாம். நான் நகம் ஓட்டிப் பார்த்து எடுத்த பேரிங் சரியில்லையாம். கூட்டத்தில் யாரோ 'த்சொ' கொட்டினார்கள். எனக்குக் கோபம் வராது சார், என்னை அறிந்த யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அந்தக் கை தோளில் எத்தனை நேரம் இருந்தது என்று மட்டும் இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும்.

அதோடு விட்டானா? மறுவாரம் ஒரு பெரிய வெள்ளை விளக்கை வாங்கிவந்து என் மேஜைக்கு நேர் மேலே மாட்டினான். நடுவில் பூதக்கண்ணாடி வைத்த விளக்கு. "வெளிச்சம் பத்தல மச்சான், எனக்கே கண்ணு கூசுது" என்றான். வெளிச்சம் பத்தாமல் கண் கூசுகிறதாம், பேச்சைப் பாருங்கள். வருகிறவன் போகிறவன் எல்லாம் அண்ணாந்து அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

அப்போதுதான் முடிவு செய்தேன். அடுத்த என்ஜினுக்கு யாரும் வாய் திறக்க முடியாத பேரிங் போட வேண்டும். பேரிங் பத்தரைமாற்றாக இருந்து என்ஜின் போனால், பழி ஓட்டியவன் தலையில்தான் விழும். நியாயம்தானே? நான்கு கடை ஏறி இறங்கினேன். இரண்டு செட்டைத் திருப்பிக் கொடுத்தேன். ஒன்றில் தகட்டின் முதுகு வழவழப்பாக இல்லை, இன்னொன்றில் மேல்பூச்சு ஒரு ஓரத்தில் மெலிந்திருந்தது. மூன்றாவது செட்டில் என் நகமே சறுக்கியது. அப்படி ஒரு பொருளை என் வாழ்க்கையில் தொட்டதில்லை. இருக்கிறதிலேயே நல்ல பேரிங்கைத் தேடிப்பிடித்து வந்து, அதன் வாயை அடைத்தேன்.

எப்படி என்று கேட்பீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஒர்க்‌ஷாப்பில் யாரும் இல்லை. மூன்றாவது இடத்தில் துளை உள்ள தகட்டைக் கீழேயும், துளை இல்லாததை மேலேயும் வைத்தேன், எண்ணெய் வரும் வழி அடைந்துகொண்டது. அவ்வளவுதான். இதற்கு ஆயுதம் எல்லாம் தேவையில்லை. அவன் மாட்டின விளக்கைப் போட்டுக்கொண்டேதான் செய்தேன், அதில் எனக்கு ஒரு சின்ன திருப்தி. போல்ட்டுகளை முறைப்படி, அளவுப்படி முறுக்கினேன். பூட்டும்போது தகட்டில் ஒரு பசை தடவுவோம். எண்ணெய் வராவிட்டாலும் கொஞ்ச நேரம் அது தாங்கும். எத்தனை நேரம் என்று எனக்குத் தெரியும்.

கொல்ல நினைத்தாயா என்று நேராகவே கேளுங்கள், தப்பில்லை. முழு வேகம் எடுக்கும் நீளமான பாதை எங்கே முடிகிறது, அது முடிகிற வளைவில் சிமென்ட் சுவர் இருக்கிறதா, டயர் அடுக்கியிருக்கிறதா என்பதெல்லாம் எனக்குத் தெரியும். சுவர்தான். எழுதிக்கொள்ளுங்கள்.

பந்தயத்தின் இரண்டாவது சுற்றில் என்ஜின் இறுகியது. பின்சக்கரம் பூட்டிக்கொண்டு கார் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு சுவரை நோக்கிப் போனது. அந்த நேரத்தில் கிளட்ச்சை மிதித்திருந்தால் சக்கரம் விடுபட்டிருக்கும், பிழைத்திருப்பான். ஓட்டக் கற்றுக்கொடுக்கும் முதல் மாதத்திலேயே சொல்லித் தருவார்கள் இதை. அவன் மிதிக்கவில்லை. இவனைத்தான் மின்னல் என்றார்கள். நான் ஒரு சந்தர்ப்பம் வைத்துத்தான் செய்தேன், அவனுக்குப் பயன்படுத்திக்கொள்ளத் தெரியவில்லை.

என் தங்கையைப் பற்றிக் கேட்காதீர்கள். அவளுக்கு ஒரு குறையும் வராமல் நான் பார்த்துக்கொள்வேன், சின்ன வயதிலிருந்து நான்தானே பார்த்துக்கொள்கிறேன். இரண்டு மாதமாக என் வீட்டில்தான் இருக்கிறாள். முதல் வாரம் அறையை விட்டே வெளியே வரவில்லை. அப்புறம் என்னை விட்டு ஒரு நிமிஷம் நகர மாட்டேன் என்கிறாள். "நீதான்ணா எனக்கு இருக்க" என்கிறாள்.

நேற்று அறிக்கையை வாசித்து முடித்ததும் அழுதாள். இந்த விவரம் உங்களுக்குத் தேவையில்லை, ஆனாலும் வேறு யாராவது வந்து சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

"அண்ணா, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே. போன தடவை என்ஜின் போச்சே, அன்னைக்குப் பேரிங் நல்லாத்தான் இருந்துச்சாம். நீதான் மேல் தகட்டையும் கீழ் தகட்டையும் மாத்திப் போட்டிருந்தியாம். 'மச்சானுக்குக் கண்ணு சரியாத் தெரியல, வெளியில தெரிஞ்சா ஒருத்தனும் என்ஜின் குடுக்க மாட்டான், அந்த மனுஷன் ஒடைஞ்சு போயிடுவாரு'ன்னு அவரு வீட்டுல வந்து சொன்னாரு. அதான் பழியைப் பேரிங் மேல போட்டுட்டாரு. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினாரு. ஒனக்காக அன்னைக்குச் சொன்ன பொய், அவர் விஷயத்துலயே நிஜமாயிடுச்சு பாருண்ணா."

துக்கத்தில் இருப்பவள், என்ன பேசுகிறோம் என்று தெரியாமல் பேசுகிறாள். நான் தலையாட்டினேன். அவன் பெண்டாட்டியிடம் தன் தப்பை மறைக்க ஏதோ அளந்துவிட்டிருக்கிறான், அவள் நம்பிவிட்டாள். என் கண்ணுக்கு ஒன்றுமில்லை சார். அப்படியே இருந்தாலும் என் வேலைக்குக் கண் வேண்டாம். துளை இருக்கிற தகடு எது, இல்லாதது எது என்று கட்டைவிரலைத் தடவினாலே சொல்லிவிடுவேன். அந்த என்ஜினைப் பூட்டிய வாரம் கட்டைவிரலில் வெட்டு விழுந்து துணி சுற்றியிருந்தேன், அது உண்மைதான். அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அதை எழுத வேண்டாம்.

இதைக் கேட்டு மனசு உறுத்திப்போய் வந்திருக்கிறேன் என்று நீங்களாக ஒரு கதை கட்டிவிடாதீர்கள். நான் வந்தது அந்த இரண்டாம் பக்கத்துக்காக. பேரிங் தரமானது, நன்றாகப் பார்த்து எடுத்தது, நான் வேண்டுமென்றே மாற்றிப் பூட்டினேன், அவன் செத்தான். இந்த வரிசையில் இருக்க வேண்டும்.

எழுதிவிட்டீர்களா? கொடுங்கள். என்ன சார், எறும்பு ஊர்கிற மாதிரி எழுதியிருக்கிறீர்கள். இந்த அறையில் வெளிச்சமும் மட்டம். 'தரம் குறைந்த' என்பதை அடித்துவிட்டீர்களா என்று தெரியாமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன். நீங்கள் வாசிக்க வேண்டாம், எதை விடுவீர்களோ எதைச் சேர்ப்பீர்களோ, யார் கண்டது. வெளியே பெஞ்சில் என் தங்கை உட்கார்ந்திருக்கிறாள், அவளைக் கூப்பிடுங்கள். எனக்கு எதுவாக இருந்தாலும் அவள்தான் வாசித்துக் காட்டுவாள்.