பலூன் விரியும்போது வருபவள்

சாயங்காலம் ஆறரை மணி. பைபாஸ் ரோடு. முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் இல்லை.

என் நண்பனுடைய அத்தான் லிஃப்ட் மெக்கானிக். வேலை முடிந்து பைக்கில் வந்துகொண்டிருந்தார். திடீரென்று நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி ஒரு கனம்... தாடை வரை இழுத்தது. சட்டை தொப்பலாக நனைந்தது. வண்டியை ஓரங்கட்டி அப்படியே சரிந்துவிட்டார். நல்ல வேளை, அந்த வழியே வந்த பால் வண்டிக்காரர் அள்ளிப் போட்டுக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

"பைபாஸ் ரோட்டுல விழுந்தாலும் இவருக்கு பைபாஸ் வேண்டாம்மா. ஸ்டென்ட் போதும்" என்றார் டாக்டர். நண்பனுடைய அக்கா சிரிக்கவில்லை.

"முழிச்சிருப்பாரா டாக்டர்?"

"முழிச்சுத்தான் இருப்பாரு. மணிக்கட்டு மட்டும் மரத்துப்போகும். அது வழியா மெல்லிசா ஒரு குழாயை இதயம் வரைக்கும் கொண்டுபோய், அடைப்புல சின்ன பலூனை விரிப்போம். அங்கயே ஸ்டென்ட்னு ஒரு வலைக்குழாயை வச்சிட்டா ரத்தம் ஓடும். பலூன் விரியற சில நொடி மட்டும் ரத்தம் நிக்கும், வலிக்கும்."

அந்தச் சில நொடிகள்தான் விஷயம்.

உள்ளே ஏசி குளிர். ஸ்பிரிட் வாடை. எக்ஸ்ரேக்காக எல்லாரும் ஈயக் கவசம் மாட்டியிருந்தார்கள். மருந்து பாய்ச்சியதும் திரையில் ரத்தக்குழாய்கள் கறுப்பு வேர்களாகத் துடித்தன. ஒரு வேர் பாதியில் அறுந்து நின்றது.

"விரிக்கிறேன்" என்றார் டாக்டர்.

வலித்தது. அப்போதுதான் பார்த்தார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பெண். கவசம் இல்லை. அவிழ்ந்த தலைமுடி. பலூன் சுருங்கியது... வலி போனது. அவளும் இல்லை.

மருந்து மயக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டாம் முறை. சளக்... சளக்... ஈரக்கால் தரையில் நடக்கும் சத்தம். காயாத துணியின் வாடை. கால்மாட்டில் வந்து நின்றாள். உதடு மட்டும் அசைந்தது, எதையோ எண்ணுகிற மாதிரி.

பலூன் சுருங்கியது. கால்மாட்டில் யாரும் இல்லை.

"போதும் டாக்டர். இனிமே விரிக்காதீங்க."

"இன்னும் ஸ்டென்ட் வைக்கலீங்களே. இப்படியே விட்டா திரும்ப அடைச்சிடும்."

"ஒவ்வொரு தடவ விரிக்கும்போதும் ஒரு பொம்பள வர்றா... கிட்ட வந்துக்கிட்டே இருக்கா."

 மானிட்டர் மட்டும் பீப்... பீப்... நர்ஸ் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். 

வெளியே அக்கா தனியாக உட்கார்ந்திருப்பாள். வீட்டில் பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள். அத்தான் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"சரி... வைங்க."

கண்ணை இறுக மூடிக்கொண்டார். வாடை வந்தது. சத்தம் கால்மாட்டைத் தாண்டி, இடுப்பைத் தாண்டி, காதோரம் வரை வந்தது... நிற்கவில்லை. தாண்டிப் போனது. தாங்க முடியாமல் கண்ணைத் திறந்தார்.

அவள் டாக்டரின் முதுகோடு ஒட்டி நின்றாள். அவர் தோளில் தாடையை வைத்துத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்டென்ட் பதிந்தது. கறுப்பு வேர் நுனி வரை ஓடியது. அத்தான் பிழைத்தார்.

மறுநாள் டாக்டர் வார்டுக்கு வந்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"கடைசில அந்தம்மா எங்க நின்னாங்க?"

அத்தான் அக்காவைப் பார்த்தார். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம்...

"உங்க பின்னால டாக்டர். ஒட்டி."

டாக்டர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. பக்கத்துக் காலிக் கட்டிலில் உட்கார்ந்து சட்டைப் பித்தானைக் கழற்றினார்.

"சிஸ்டர், எனக்கு ஒரு ஈசிஜி எடுங்க."

நர்ஸ் தாளைக் கிழித்துப் பார்த்தாள்.  சக்கர நாற்காலி எடுக்க ஓடினாள்.

அதே அறை. அதே மேஜை. வேறொரு டாக்டர் அவருக்கு ஸ்டென்ட் வைத்தார். பெரிய குழாயிலேயே அடைப்பு, இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் அவ்வளவுதான். அவரும் பிழைத்துக்கொண்டார். இன்றைக்கும் அங்கேதான் வேலை பார்க்கிறார்.

ஆனால் உள்ளே நின்ற நர்ஸ் பிற்பாடு அக்காவிடம் ஒன்று சொன்னாள். பலூன் விரிந்ததும் டாக்டர் இடது பக்கம் திரும்பினாராம். திரை இருந்த பக்கம். அங்கே யாருமே நிற்கவில்லை. ரொம்பப் பணிவாகச் சொன்னாராம்:

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா... ஸ்கிரீன் மறைக்குது."