மஸாஹிராவின் கால்

லவெண்டர் எண்ணெயைத் தலையணையில் நேரே விடாதீர்கள், மிஸ். கறை பிடித்தால் போகாது. சின்னப் பஞ்சில் கொஞ்சம் தொட்டு, தலைமாட்டில் ஒரு சோசரில் வைத்தால் போதும். நித்திரை வருவதில்லை என்று நீங்கள் வாசலில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது, அதனால்தான் சொன்னேன். ஒருவர் அப்படிச் சொன்னால் எனக்குச் சும்மா இருக்க வராது.

என் வாக்குமூலத்தை நீங்கள் தமிழில் எழுதிக்கொள்வது பெரிய உதவி. என்னுடைய சிங்களம் மரக்கறிக் கடையோடு சரி.

என் பெயர் ரஜனி கதிர்காமநாதன். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தொடர்மாடி வீட்டில் தனியாக இருக்கிறேன். கணவர் காலமாகிவிட்டார். மகன் டொரொண்டோவில். அவன் போன பிறகு வீடு மிகவும் பெரிதாகத் தெரிந்தது. அப்போதுதான் வாசனை எண்ணெய்களைப் பற்றி இன்டர்நெட்டில் படிக்கத் தொடங்கினேன். ஒரு வகுப்பும் செய்தேன். முன்னறையில் ஒரு சாய்வுக் கதிரை, ஒரு வெள்ளைத் திரை, அலுமாரி நிறையப் போத்தல்கள். பெண்களுக்கு மட்டும்.

அது ஏமாற்று என்று நினைக்காதீர்கள். பரீட்சைப் பயத்தில் கை நடுங்கும் பிள்ளைகள் வருவார்கள். மாதவிடாய் நின்ற பிறகு உடம்பு கொதிக்கிறது என்று வருவார்கள். புருஷனைப் பறிகொடுத்தவர்கள் வருவார்கள். ஆரஞ்சுத் தோல் எண்ணெயை முகர்ந்ததும் சிலர் அழுவார்கள், அழுது முடிந்ததும் நன்றாக மூச்சு விடுவார்கள். அந்த மூச்சை என் கையால் உணர்ந்திருக்கிறேன். அது பொய் இல்லை.

மஸாஹிரா மாளிகாவத்தையிலிருந்து வந்தாள். என்னைவிட ஏழெட்டு வயது இளையவள். கணவர் மஹ்ரூப், புறக்கோட்டையில் பூட்டுக்கடை வைத்திருக்கிறார். ஒரே மகள் அஸ்கா கல்யாணம் முடித்துத் தோஹாவுக்குப் போனதிலிருந்து மஸாஹிராவுக்கு நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை. சீனி வருத்தமும், அதுதான் நீரிழிவு, பல வருஷமாக. இரண்டு பாதமும் விறைத்துப் போயிருந்தன. "மரக்கட்டையில நடக்கிற மாதிரி ஈக்கிது அக்கா" என்றாள்.

நான் பெப்பர்மின்ட் எண்ணெயை நல்லெண்ணெயில் கலந்து பாதத்தில் தேய்த்தேன். பெப்பர்மின்ட் தோலில் பட்டால் குளிரும், லேசாகச் சுறுசுறுக்கும். அது எண்ணெயின் குணம், நரம்பு சுகமாவதல்ல. கணுக்காலுக்கு மேலே, உணர்ச்சி இருந்த இடத்தில்தான் அவளுக்குச் சுறுசுறுத்திருக்கும். ஆனால் அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, "அக்கா, காலுக்கு உசிர் வருது" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். நான் திருத்தவில்லை. சந்தோஷமாக இருக்கும் ஒருவரை ஏன் திருத்த வேண்டும்?

அதன் பிறகு அவள் போகிற இடமெல்லாம் என்னைப் பற்றித்தான் கதை. கொம்பனித்தெருவிலிருந்தும் பொரளையிலிருந்தும் பெண்கள் வரத் தொடங்கினார்கள். "ரஜனி அக்காட கையில ஷிபா ஈக்கி" என்பாளாம். ஷிபா என்றால் நோய் தீர்க்கும் வரம். என் மகன்கூட ஃபோனில், "அம்மா, அந்த எண்ணெய் விளையாட்டு இன்னும் நடக்குதோ?" என்றுதான் கேட்பான். மஸாஹிரா ஒருத்திதான் என் கையில் ஏதோ இருக்கிறது என்று சொன்னவள். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுடைய வயதில் தெரியாது, மிஸ்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

ஒருநாள் அவளுடைய வலது காலை இளஞ்சூட்டுத் தண்ணீர்ப் பேசினில் வைத்து ஊறவிட்டிருந்தேன். தண்ணீர் ஆறிவிட்டதென்று கொதிதண்ணீர்க் கேத்திலைக் கொண்டுவந்தேன். அந்த நேரம் மகனுடைய ஃபோன். அவனோடு கதைத்துக்கொண்டே கேத்திலைச் சரித்தேன். கையை விட்டுப் பார்க்கவில்லை. எப்போதும் பார்ப்பேன், அன்றைக்குப் பார்க்கவில்லை. மஸாஹிரா காலை இழுக்கவில்லை. அஸ்கா முழுகாமல் இருக்கிறாள் என்ற செய்தி அன்றைக்குத்தான் வந்திருந்தது. பிள்ளைக்கு என்ன பெயர் வைப்பது என்று சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ஃபோனை வைத்துவிட்டு வந்து காலைத் தூக்கிப் பார்த்தபோது கணுக்கால் வரை தோல் சிவந்து கிடந்தது. உள்ளங்காலில் கொப்புளம் எழும்பிக்கொண்டிருந்தது.

"முடிஞ்சா அக்கா?" என்றாள். உள்ளங்கால் அவளுக்குத் தெரியாது. குனிய முடியாத உடம்பு.

"ஓம், முடிஞ்சுது. இண்டைக்கு நல்லா இரத்தம் ஓடியிருக்கு" என்றேன்.

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். ஒரு சொல் போதும். அவள் என்னைத் திட்டியிருக்கவும் மாட்டாள். காயம் பட்டதுமே ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தால் கொஞ்ச நாளில் ஆறியிருக்கும் என்று பிறகு டொக்டர்மார் சொன்னார்கள். அன்றைக்கு நான் நினைத்தது வேறு. இவள் மாளிகாவத்தைக்குப் போய், ரஜனி அக்கா காலைச் சுட்டுவிட்டாள் என்று சொன்னால், அந்த முன்னறையில் மறுபடியும் நானும் கதிரையும் மட்டும்தான் என்று நினைத்தேன்.

அடுத்த முறை வந்தபோது கொப்புளம் உடைந்திருந்தது. செருப்பு வெட்டியிருக்கிறது என்றேன். நம்பினாள். லவெண்டர் விட்ட துணியால் கட்டினேன். "கெட்ட நீரை இது இழுத்து எடுக்கும். வெளிக்காத்துப் படக்கூடாது. நான் மட்டும்தான் அவிழ்க்க வேணும்" என்றேன். அப்படி ஒரு முறை எந்த வகுப்பிலும் இல்லை. அந்த நிமிஷத்தில் நானாகச் சொன்னது.

அவளுக்கு ஒரு கவலைதான் இருந்தது. "ஒளு எடுக்கக்குள்ள கால் கழுவணுமே அக்கா." தொழுகைக்கு முன்னால் ஒவ்வொரு முறையும் அவர்கள் கால் கழுவுவார்கள். கட்டு அவிழ்ந்தால் யாராவது பார்ப்பார்கள். நான் நிதானமாகச் சொன்னேன்: "வருத்தக்காரருக்கு உங்கட மார்க்கத்தில ஏதாவது வழி இருக்குமே. கேட்டுப் பாருங்கோ." கேட்டுக்கொண்டு வந்தாள். கட்டுக்கு மேலே ஈரக்கையால் தடவினால் போதுமாம். நானும் சரியாகச் சொல்லிவிட்டேன் என்று அவளுக்கு என் மேல் இன்னும் மரியாதை.

மருந்தை நிறுத்தச் சொன்னேனா என்று கேட்டீர்கள். இல்லை. அவளுடைய குளிசைகளை நான் ஒருநாளும் நிறுத்தச் சொல்லவில்லை. தயவுசெய்து அதை எழுதிக்கொள்ளுங்கள். கிளினிக் நாளில் மட்டும் என் வீட்டுக்கு வரச் சொன்னேன். கிளினிக்கில் காலைப் பார்ப்பார்கள். "அந்த வரிசையில நிண்டு மனசைக் கெடுக்காதீங்கோ, இங்க வந்து படுங்கோ" என்றேன். வந்து படுத்தாள். நன்றாக நித்திரையும் கொண்டாள்.

பிறகு காலிலிருந்து வாடை வந்தது. கராம்பு எண்ணெயும் கறுவாப்பட்டை எண்ணெயும் சேர்த்துக் கட்டின் மேல் விட்டேன். அவர்களுடைய வீட்டுக்கு ஒரு டிஃபியூசரும் கொடுத்தேன், வாசனைப் புகையை மெல்ல விடும் சின்னக் கருவி, என் அன்பளிப்பாக. அதில் லெமன்கிராஸ் விட்டு எந்த நேரமும் ஓட வைக்கச் சொன்னேன். மஸாஹிராவுக்கு நடக்கக் கஷ்டமானதும் நானே அங்கே போய் வந்தேன். ஒருநாள் நான் போகும்போது மஹ்ரூப் சட்டையைக் கழற்றிவிட்டு அலுமாரிகளை இழுத்துக்கொண்டிருந்தார்.

"எங்கயோ எலி செத்தீக்கி போல, தங்கச்சி. ரெண்டு நாளாத் தேடுறன், காணல்ல" என்றார்.

மஸாஹிரா கட்டிலில் இருந்து சிரித்தாள். "இந்த மனுசனுக்கு எப்பவும் எலிதான்."

நானும் அவரோடு சேர்ந்து தேடினேன். கட்டிலுக்குக் கீழே குனிந்து டோர்ச் அடித்துப் பார்த்தேன். மஸாஹிராவின் கால் என் தலைக்கு நேரே மேலே இருந்தது. எலி இல்லை என்று சொல்லி எழும்பினேன். மனுசன் எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து தந்தார். குடித்தேன்.

காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. யூக்கலிப்டஸ் தேய்த்தேன். அஸ்கா பிள்ளையைப் பெற உம்மாவிடம் வருவதாக இருந்தாள். அவள் வருவதற்குள் ஆறிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அஸ்கா வந்த அன்று நான் அங்கே இருந்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து உம்மாவைக் கட்டிப்பிடித்தாள். அப்படியே நின்றுவிட்டாள். "உம்மா, இது என்ன வாடை?" என்றாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. குசினியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துவந்து கட்டை வெட்டினாள். பிள்ளைத்தாச்சி அவள், வாந்தி எடுத்துவிட்டு வந்து மறுபடியும் பார்த்தாள். பாதத்தில் பாதி கறுத்திருந்தது. ஒரு விரல் துணியோடு வந்தது.

"ஆன்ட்டி, நீங்க இதப் பாக்கல்லயா?"

"நேற்று இப்பிடி இருக்கேல்ல மகள்" என்றேன்.

மஸாஹிரா மகளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். காய்ச்சலில் நாக்குத் தடித்திருந்தது. "அக்காவ ஒண்டும் சொல்லாதீங்க மகள். அவங்க இல்லாட்டி நான் நீங்க போன கவலையிலயே மவுத்தாகீப்பன்."

செத்தே போயிருப்பாளாம். என் காதுபட அவள் எனக்காகச் சொன்ன கடைசி வார்த்தை அது. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்கு மேலே வெட்டி எடுத்தார்கள். அதற்குள் இரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது. பேரப்பிள்ளையைப் பார்க்காமல் போனாள். எப்படித் தொடங்கியது என்று டொக்டர் கேட்டபோது, செருப்பு வெட்டியது என்று அவளே சொன்னாளாம். யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை. அஸ்காவும் கேட்கவில்லை. தூர தேசத்தில் இருந்து உம்மாவைக் கவனிக்காமல் விட்டது தான்தான் என்று என் மடியில் விழுந்து அழுதாள். நான் அவளுடைய முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

அப்படியென்றால் இப்போது ஏன் வந்தேன் என்று கேட்கிறீர்கள்.

இன்று காலையில் மஹ்ரூப் வந்தார். நாற்பதாம் நாள் கத்தத்துச் சாப்பாட்டை, அவளுக்காக ஓதிச் சமைத்ததை, அவர்தான் எனக்குக் கொண்டுவந்து தந்தவர். இன்று வெறுங்கையோடு வந்தார். வாசலில் நின்றபடியே சொன்னார்: "எனக்கும் சீனி கண்டீக்கி, தங்கச்சி. காலும் வெறைக்குது. அவ மவுத்துக்கு முந்தி சொன்னா, ரஜனி அக்காட எண்ணெயப் பூசுங்க எண்டு. ஒரு போத்தல் தாங்க."

நான் உள்ளே போனேன். போத்தலைக் கழுவித் துடைத்தேன். பெப்பர்மின்ட் விட்டேன், ஆணுக்குக் கொஞ்சம் கூட விடலாம் என்று யோசித்தேன், கறுவாவும் ஒரு சொட்டுச் சேர்த்தேன். மூடியைத் திருகும்போதுதான் கவனித்தேன், நான் வாய்க்குள் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். மஸாஹிரா போன பிறகு இன்றைக்குத்தான் எனக்கு மனசு லேசாக இருந்தது. அவளுடைய மனுசன் என்னைத் தேடி வந்திருக்கிறார் என்ற சந்தோஷம்.

எண்ணெய் முடிந்துவிட்டது என்று அவரிடம் சொன்னேன். டொக்டரிடம் காலைக் காட்டுங்கோ, இன்றைக்கே காட்டுங்கோ என்றேன். அவர் முகம் வாடிப்போய்ப் படியிறங்கினார். நான் போத்தலைக் குசினித் தொட்டியில் கவிழ்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு காலி வீதியால் நடந்து இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு, உங்களிடம் வந்தேன்.

ஒரு கைப்பிழை, அதை மறைத்தது, மற்றதெல்லாம் அறியாமை. அப்படித்தானே எழுதியிருக்கிறீர்கள்? வாசியுங்கள், கேட்கிறேன்.

"காயத்தின் பாரதூரத்தை அறியாமல்." அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துங்கள், மிஸ். நீங்கள் நல்ல பிள்ளை, எனக்கு உதவி செய்யப் பார்க்கிறீர்கள். நானும் இவ்வளவு நேரம் அப்படி விளங்கும்படிதான் சொல்லிக்கொண்டு வந்தேன். ‘அறியாமல்’ என்ற அந்தச் சொல்லை வெட்டிவிடுங்கள்.

என் அப்பா சீனி வருத்தத்தில்தான் இறந்தார். அப்போது நாங்கள் கொட்டாஞ்சேனையில் வாடகை வீட்டில் இருந்தோம். அவருடைய கால் அழுகியபோது அம்மா கிட்டப் போக முடியாமல் வெளியே நிற்பா. கட்டு மாற்றியது நான். ஒவ்வொரு நாளும் நான்தான். அழுகும் காலின் வாடை வேறு எந்த வாடை போலவும் இராது. இனிப்புப் போல முதலில் வரும், பிறகுதான் தொண்டையைப் பிடிக்கும்.

மஸாஹிராவின் கட்டை அவிழ்த்தபோது அந்த இனிப்பு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கடற்கரையால் ரெயில் போகும் சத்தம் ஓயும்வரை புதுத் துணியை மடித்துக்கொண்டிருந்தேன். காலைக் காப்பாற்ற அப்போதும் நேரம் இருந்தது. அதுவும் எனக்குத் தெரியும்.

"அக்கா, ஆறி வருதா?" என்று கேட்டாள்.

"ஓம் மஸாஹிரா" என்றேன். "நல்லா ஆறி வருது."