தண்ணி மோட்டருக்கு வந்தவர்

— திரைக்குப் பின்னால ஒளிச்சிருந்து கதைக்காதீங்க, றம்லா அக்கா. எத்தினை கடன்காரரக் கண்டிருக்கிறன்!

— ஒளிக்கல்ல தம்பி. நான் கதைக்கிறது உங்களுக்குக் கேக்குது. நீங்க கத்துறது கனமூலை ஊர் முழுக்கக் கேக்குது. முதல்ல சத்தத்தக் குறைங்க. பிறகு கம்பெனி அட்டைய வாசல்ல நிக்கிற என்ட மச்சினி அக்கீலாட்டக் காட்டுங்க.

— ஹரி, ஹரி, சரி. இந்தா அட்டை. டிலக்‌ஷன், கடன் அறவிடுற பகுதி. போதுமா?

— ஓம் மச்சி, ஆள் இவர்தான். படத்தில மட்டும் சிரிச்சிட்டு இருக்கார்.

— பகிடி வேணாம். உங்கட புருசன் லாபிர் நானா வெங்காயத் தோட்டத்துக்கு எடுத்த கடன். அவர் செத்து மூணு மாசம், ஒரு சதம் வரல்ல. தண்ணி மோட்டரக் கழட்டிட்டு வரச் சொல்லிட்டார் எங்கட மனேஜர் மாத்தயா. லொறியும் நிக்குது.

— மோட்டர் போனா நாலு நாளில வெங்காயம் கருகிரும். பிறகு எதை வித்துக் கட்டுற? கோட்டுல நீதவான் குடுத்த கட்டளை இருக்கா?

— அதெல்லாம் எதுக்கு?

— இல்லாம வளவுக்குள்ள கால் வச்சா, பொலிசுக்குப் போவன். கடன் அவர்ட, மோட்டர் என்ட காசில, என்ட பேரில வாங்கினது. கடனோட அவரக் கபுறுல கிடக்க விடமாட்டன். அவர் விட்டுட்டுப் போன சொத்தில இருந்து கட்டுவன். மிச்சம் எவ்வளவெண்டு எழுத்தில தாங்க. என்ட தலையில ஏத்த மட்டும் ஏலாது.

— அங்கதான் பிழை விடுறீங்க. இந்தா பேப்பர். கடன உங்கட பேருக்கு மாத்தி, மோட்டரையும் ஈடு வச்சு, நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கிறீங்க. இப்ப கடன்காரி நீங்க!

— எப்ப போட்டன்?

— போன மாசம் பதினாலாம் திகதி. புத்தளம் ஒபிசில.

— ஆர் கண்டது?

— நான்தான் சாட்சி. எனக்கு முன்னால கதிரையில இருந்து போட்டீங்க. பிளேன்டீயும் குடிச்சீங்க. மறந்துபோச்சா?

— சீனி போட்டா, போடாமலா?

— போட்டு, போட்டு! விளையாடாதீங்க அக்கா.

— சரி. நீங்க கண்டது உண்மையெண்டா மோட்டரக் கொண்டு போங்க, மறிக்கல்ல. திகதி, இடம், என்ட முகத்தப் பாத்தது, எல்லாத்தையும் எழுதி, கீழ கையெழுத்தப் போட்டு அக்கீலாட்டக் குடுங்க.

— ஹரி! இத முதல்லயே சொல்லியிருந்தா இவ்வளவு கதை தேவையில்லையே. இந்தாங்க, எழுதிட்டன்.

— வாசி அக்கீலா.

— “றம்லா என்பவர் பதினாலாம் திகதி ஒபிசுக்கு நேரில் வந்து, நான் முகத்துக்கு முகம் பார்த்திருக்கக் கையெழுத்திட்டார்.” கீழ இவர்ட பேர், கையெழுத்து, எல்லாம் இருக்கு மச்சி.

— படம் பிடிச்சிட்டியா?

— பிடிச்சு, லோயர் சப்னாவுக்கும் அனுப்பிட்டன்.

— லோயரா? எதுக்கு லோயர்?

— நான் ஏன் திரைக்குப் பின்னால இருக்கிறனெண்டு நீங்க கேக்கவே இல்லையே தம்பி. புருசன் மவுத்தானா நாங்க நாலு மாசமும் பத்து நாளும் வீட்டுக்குள்ளயே இத்தா இருக்கிற. அந்நிய ஆம்பிளைக்கு முகம் காட்டுறதில்ல. லாபிர்ட மையத்து அடக்கத்துக்குப் போன நாளில இருந்து நான் இந்தப் படி தாண்டல்ல, ஊரே சாட்சி. அப்ப, சீனி போட்ட பிளேன்டீய நீங்க ஆருக்குக் குடுத்தீங்க?