பேர் தேடாத சோதனை

“கங்காணிக்கு ஞாபகசக்தி கூடுனா காலைப் பெரட்டு சீக்கிரம் முடிஞ்சிருமாடா?”

பிள்ளைகளே, பதுளையிலிருந்து தெமோதரைக்கு வந்த பஸ்ஸில், எனக்கு முன்னால் இருந்த டீச்சர், பக்கத்தில் இருந்த தன் தம்பியைக் கேட்ட கேள்வி இது. பெரட்டு என்றால், காலையில் கங்காணி தோட்டத்து ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவது. தோட்டப் பள்ளிகளுக்காக அவன் இன்டர்நெட்டில் ஒரு பக்கம் செய்திருந்தான். பிள்ளையின் பெயரைத் தட்டினால் பரீட்சைப் பெறுபேறு வரவேண்டும். நாளைக்கு அதிகாரிகள் அதைப் பார்த்துத்தான் டீச்சரின் பள்ளிக்குக் கணினி அறை தருவதா என்று முடிவு செய்வார்களாம்.

“அக்கா, புரோகிராமை ஒவ்வொரு தடவையும் புதுசா வாசிக்காம கம்ப்யூட்டர் ஞாபகம் வச்சுக்கிற மாதிரி செஞ்சுட்டேன். வேகமா வரும்.”

“எங்க வருது? நான் தேத்தண்ணி குடிச்சு முடிச்சும் சுத்திக்கிட்டே இருந்துச்சு!”

“நான் பாத்தப்ப டக்குனு வந்துச்சே.”

“எதப் பாத்த?”

“முதல் பக்கத்த.”

“அதுல பள்ளிக்கூடப் படம் மட்டுந்தானே இருக்கு! பேரத் தேடுனா?”

தம்பி குரலைத் தாழ்த்தினான். “ஒவ்வொரு பாடத்துக்கும், எல்லாப் பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க பேரையும் முதல்ல இருந்து பாத்துக்கிட்டு வரும்.”

“அதத்தான் கேட்டேன். செய்ய வேண்டிய வேலை கங்காணிக்கு மனப்பாடம். ஆனா ஒரு ஆளக் கண்டுபிடிக்க மொத்தப் பெரட்டையும் பேர் சொல்லிக் கூப்புடுறாரு. அப்புறம் எப்படிடா வேகம் வரும்?”

“பேருக்கு இன்டெக்ஸ் போட்டா நேரா அந்த ஆளுகிட்டயே போயிரும்க்கா.”

“எப்பப் போடுவ? அதிகாரிங்க வந்துட்டுப் போன பொறகா?”

“பதுளையில இருக்குற கம்ப்யூட்டர்லதான் போடணும். இப்பவே போறேன்க்கா” என்று அவன் எழுந்து மணியை அடித்தான். இறங்கி, எதிரே வந்த பதுளை பஸ்ஸை மறித்தான். டீச்சர் ஜன்னல் வழியே கத்தினார்:

“இந்தத் தடவ படத்தப் பாத்துட்டு வந்துறாத! ஒரு புள்ளையோட பேரத் தேடிப் பாரு!”