கம்ப்யூட்டருக்கு ஒத்தடம்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளி போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரு பெண்கள் பேசியதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

"நம்ம பழைய கம்ப்யூட்டருக்கு ஒத்தடம் குடுத்தேன் அண்ணி," என்றாள் இளையவள்.

"ஏன், அதுக்கும் மூட்டு வலியா?"

"சிரிக்காதீங்க. பகல்ல ஒழுங்கா எழும்புது, காலைப் பனியில மட்டும் எழும்ப மாட்டேங்குது. நாளைக்குக் காலையில நம்ம பாப்பா வீட்டுல இருந்தே அதுலதான் ஆன்லைன் பரீட்சை எழுதணும். அதான் உள்ளே கரண்ட் குடுக்கிற பவர் சப்ளை இருக்கிற பக்கமா, வெளியில சுடுதண்ணி போத்தல வச்சுப் பார்த்தேன். கொஞ்ச நேரத்துல எழும்பிருச்சு! கோளாறு பவர் சப்ளையிலதான்னு புரிஞ்சிருச்சு. பதுளையில வேற பவர் சப்ளை வாங்கிட்டேன், ராத்திரியே மாட்டிருவேன்."

"கெட்டிக்காரிடி நீ! அப்படியே என் முழங்காலுக்கும் ஒன்னு வாங்கியிருக்கலாம்."

மறுநாள் காலை நல்ல பனி. மாலை பஸ்ஸில் அவள் அண்ணியிடம், கம்ப்யூட்டர் முதல் தடவையிலேயே எழும்பியது, பாப்பா பரீட்சை எழுதிவிட்டாள் என்றாள்.