நாற்பது பக்கம் வரைக்கும்

— வாடா வாத்தியாரே! கூடப் பொறந்தவ வயித்துல அடிச்சிட்டு, எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு என் கடைக்கு வர்ற?

— என்னக்கா ஆச்சு? உள்ள வரவிடு மொதல்ல.

— காலைல ஒரு பொண்ணு பன்னெண்டு பக்கத்தோட நகல் எடுக்க வந்துச்சு. என் விலைப்பலகைய அண்ணாந்து பாத்துட்டு, "இந்தக் கடைல அதிகமாகும்னு கணக்கு சார் குடுத்த வீட்டுப்பாடத்துல வந்துச்சு"ன்னு எதிர்க்கடைக்கு நடையக் கட்டிருச்சு. அதுக்கப்புறம் ஒரு ஈ காக்கா வரல. கேக்குறேன், சொல்லு. நான் உனக்கு என்னடா பாவம் பண்ணேன்?

— அதாவதுக்கா, அது நேர்கோட்டுச் சமன்பாடு...

— சமன்பாடாம்! மிஞ்சிக் கிடந்த ஒரு நகல அப்புறந்தான் எடுத்துப் படிச்சேன். "முதல் கடையில் பக்கத்துக்கு ரெண்டு. ரெண்டாவது கடையில் எத்தனை பக்கமானாலும் அட்டை போட்டுக் கட்டித்தான் தருவார்கள், அதுக்கு நாப்பது, அப்புறம் பக்கத்துக்கு ஒண்ணு. நூறு பக்கத்துக்கு எது மலிவு?" முதல் கடை யார் கடைடா? பேர் போடலன்னா எனக்குத் தெரியாதா? அதையும் நூத்தியிருபது பிள்ளைங்களுக்கு என் மெஷின்லயே ஓட்ட வெச்சிருக்க!

— ஓட்டும்போது படிச்சிருக்கலாமே?

— எந்த நகல் கடைக்காரிடா படிச்சுக்கிட்டே ஓட்டுவா? உன் வகுப்புத் தலைவி வந்து நின்னா, கட்டித் தூக்கிக் குடுத்துட்டேன். நூறு பக்கத்துக்கு எனக்கு எரநூறு, எதிர்க்கடைக்காரனுக்கு நூத்தி நாப்பது. ஊருக்கே தண்டோரா போட்டுட்ட. இந்த மாச வாடகைய உன் சமன்பாடா கட்டும்?

— இரு அக்கா. அந்தப் பொண்ணு எத்தனை பக்கம் கொண்டுவந்துச்சுன்ன?

— பன்னெண்டு. காது செவிடா?

— அதாவதுக்கா, பன்னெண்டுன்னா உன்கிட்ட இருபத்துநாலு. அங்க அம்பத்திரெண்டு! பக்கத்த எக்ஸ்னு வெச்சுக்கோ. உனக்கு ரெண்டு எக்ஸ், அவனுக்கு எக்ஸோட நாப்பது. நாப்பதாவது பக்கத்துலதான் ரெண்டும் ஒண்ணாகும். அதுக்குக் கீழ எப்பவும் நீதான் மலிவு.

— இந்த ஞானத்த என்கிட்ட சொல்லி? பிள்ளைங்ககிட்ட சொன்னியா?

— சொல்லாம? பின்பக்கம் முழுக்க அதுதானே! "எத்தனை பக்கம் வரை முதல் கடை மலிவு? நீ வழக்கமா எடுக்கும் பக்கங்களுக்கு எந்தக் கடைக்குப் போவாய்?" எல்லாம் பத்து, பதினஞ்சு பக்கத்துக்கு மேல எடுக்காத பசங்க. உன் கடைக்கு வரட்டும்னுதாங்க்கா இந்தக் கணக்கையே போட்டேன்.

— பின்பக்கமா?

— ஆமா. ஏன் அப்படி முழிக்கிற? அக்கா?

— டேய்... உன் தாளத் திருப்பியே பாக்கலடா நான். நூத்தியிருபதும் முன்பக்கம் மட்டும்தான் ஓட்டுனேன்.